வியன்னா டிராமில் ஒரு தலை அதிகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். புத்தூரிலிருந்து திருப்பதிக்கும் திருத்தணிக்கும் அரசு பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக ஓடியவன். சுடுகாட்டு ஓரம் நிறுத்தச் சொன்னவர்களையும் இறக்கிவிட்டிருக்கிறேன், எதுவும் டிக்கெட் வாங்காமல் ஏறியதில்லை. இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் சிரியுங்கள். என் தம்பி சிரித்தான், அவனோடு ஒரு மாதம் பேசவில்லை.

என் மகள் ரேவதி வியன்னாவில் வேலை பார்க்கிறாள். நான் ரிட்டையரான குளிர்காலத்தில் என்னையும் என் மனைவி சம்பூர்ணத்தையும் அங்கே அழைத்துக்கொண்டாள். அந்த ஊரில் எனக்குப் பிடித்தவை மியூசியமும் டிராமும். மியூசியத்தில் ஒரே கிரீடத்தை அரை மணி நேரம் நின்று பார்க்கலாம், திருப்பதி சன்னிதி மாதிரி முதுகில் கை வைத்து ‘ஜரகண்டி ஜரகண்டி’ என்று தள்ள ஆள் கிடையாது. டிராமில் கண்டக்டரே கிடையாது. பயணிகளே டிக்கெட்டை ஒரு மிஷினில் விட்டு முத்திரை குத்திக்கொள்கிறார்கள். எங்கள் ரூட்டில் இப்படி விட்டால் ஒரே வாரத்தில் டிப்போவை இழுத்து மூடவேண்டியதுதான் என்று மகளிடம் சொன்னேன். இருந்தாலும் கை சும்மா இருந்தால் கண் சும்மா இருக்குமா, ஏறியவுடன் தலை எண்ணிவிடுவேன். ஏறினது எத்தனை, இறங்கினது எத்தனை, மிச்சம் எத்தனை, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அன்றைக்குப் போன மியூசியத்தில் ஒரு பெரிய அறை முழுக்க எகிப்திலிருந்து கொண்டுவந்த சாமான்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஆள், துணி சுற்றிய உடம்பு. பெயர் தெரியவில்லை, ஐம்பது வயசு இருக்கும் என்று எழுதியிருப்பதாக ரேவதி படித்துச் சொன்னாள். சம்பூர்ணம் ‘உச்’ கொட்டினாள். “பாவம், எந்த ஊரு மனுசனோ, இங்க வந்து தனியா படுத்துக்கினு இருக்காரு” என்றாள். கிளம்பும்போது பெட்டிப் பக்கம் திரும்பி, “போயிட்டு வரேம்பா” என்று சொல்லிவிட்டாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சாவு வீட்டில் எவராவது போய் வருகிறேன் என்று சொல்வார்களா? எழவு கேட்டால் எழுந்தோமா நடந்தோமா என்று வாயைத் திறக்காமல் வந்துவிட வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திட்டினேன். “பழக்க தோசத்துல வந்துட்ச்சிங்க, அதுக்குப் போயி” என்றாள். மகள் சிரித்தாள். நானும் அத்தோடு விட்டுவிட்டேன், எனக்குத்தான் நம்பிக்கை இல்லையே.

வெளியே வரும்போது மணி நாலரை, அதற்குள் கும்மிருட்டு. அங்கே குளிர்காலத்தில் அப்படித்தான். டிராமில் ஏறினோம். சம்பூர்ணம் கால் வலி என்று கடைசி சீட்டில் ஜன்னல் ஓரத்தைக் காலியாக விட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ரேவதிக்கு ஆபீஸிலிருந்து போன், நடுவில் கம்பியைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல முன்னால் போய் டிரைவர் ஓட்டுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். திரும்பி எண்ணினேன், என்னையும் டிரைவரையும் விட்டு ஒன்பது பேர். அடுத்த நிறுத்தத்தில் மூன்று பேர் இறங்கினார்கள், ஏறியவர் ஒருவரும் இல்லை. அப்படியானால் ஆறு. நான் எண்ணினால் ஏழு.

மறுபடி எண்ணினேன், ஏழு. நம்பினால் நம்புங்கள், அந்த ஏழாவது தலை சம்பூர்ணத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் ஓரம். பழுப்புக் கோட்டு, முகம் வெளியே பார்த்தபடி இருந்தது. நம் பஸ்ஸாக இருந்தால் ஒரு தலை கூடினதும் வண்டியை ஓரம் கட்டி ஒவ்வொரு டிக்கெட்டாகப் பார்த்திருப்பேன். இரண்டு அடி எடுத்தும் வைத்தேன். அப்புறம், இது நம் வண்டியா, நமக்கென்ன அதிகாரம் என்று திரும்பி டிரைவரையே பார்க்க ஆரம்பித்தேன். அந்த இரண்டு அடியை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த நிறுத்தம் போய் வண்டி கிளம்பிவிட்டது. திரும்பிப் பார்த்தால் கடைசி சீட்டில் சம்பூர்ணமும் இல்லை, அந்த ஆளும் இல்லை. பின் படிக்கட்டைப் பார்க்காமல் ஒரு நாள் விசில் ஊதியிருப்பேனா, என் பெண்டாட்டி இறங்கினதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். ரேவதி போனில் பேசிக்கொண்டே, “அம்மா எங்க நைனா?” என்றாள். நான் காலியான சீட்டைக் கையால் காட்டினேன்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி முந்தின நிறுத்தத்துக்கு ஓடி வந்தோம். நிறுத்தத்தில் ஆளே இல்லை, பனி மட்டும் கொட்டுகிறது. அவளுக்குச் சர்க்கரை, மாத்திரை போடும் நேரம். அவள் போன் மகள் பையில் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் தவிர ஒரு பேச்சு தெரியாது, வீட்டு விலாசம் தெரியாது. அந்தக் குளிரில் ராத்திரி வெளியே கிடந்தால் விடியும்போது உயிர் இருக்காது என்று எனக்கே தெரிந்தது. நடுத்தெருவில் நின்று “சம்பூர்ணம், சம்பூர்ணம்” என்று கத்தினேன், அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ரேவதி போலீசுக்குப் போன் செய்தாள். யாராவது வீட்டில் இருங்கள், தேடுகிறோம் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.

அந்தக் கட்டடத்துக்குத் தெருக்கதவு ஒன்று, சாவி இல்லாமல் திறக்காது, சாவி ரேவதியிடம். திறந்து மூன்றாவது மாடிக்கு ஏறினால் வீட்டுக் கதவுக்கு எதிரே படியில் உட்கார்ந்திருக்கிறாள் சம்பூர்ணம்! சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு, பிடிக்கப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நிதானமாக. எனக்கு வந்த கோபத்தில் கன்னாபின்னாவென்று கத்தினேன். எங்கேடி போனே, எவன் கூடடி இறங்கினே என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். “இன்னாங்க இது, நீங்கதான பின் கதவுல எறங்கினீங்க? நான் உங்க பின்னாலயே எறங்கினேன். நீங்கதான என் கையப் புடிச்சி இம்மாந்தூரம் கூட்டினு வந்தீங்க?”

கதவை எப்படித் திறந்தாய் என்று ரேவதி கேட்டாள்.

“உங்க நைனாதான் தள்ளினாரு, தொறந்துகிச்சி. படி ஏற சொல்ல எனக்கு மூச்சு வாங்கிச்சி, நின்னு நின்னு கூட்டினு வந்தாரு. வழியெல்லாம் ஒரு வார்த்த பேசல. இங்க உக்கார வச்சிட்டு, உன்ன கூட்டினு வரேன்னு கையக் காட்டிட்டு எறங்கிப் போனாரு.”

நாங்கள் ஏறி வந்தபோது மாடிப்படியில் எதிரே ஒருவரும் இறங்கவில்லை. ரேவதி என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நான் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன், மகள் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். சொன்னால் சம்பூர்ணம் பயந்து செத்தே போவாள். அதனால் ஆமாம் நான்தான் என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

தெரியாததுதான் இப்போது எனக்கு வினையாக இருக்கிறது. புத்தூருக்குத் திரும்பி வந்ததிலிருந்து வியன்னா எப்படி என்று யார் கேட்டாலும் அவள் அரண்மனையைச் சொல்வதில்லை, டிராமைச் சொல்வதில்லை. “கட்டிக்கினு வந்து முப்பத்தோரு வருசத்துல அன்னிக்கி ஒரு நாளுதான் எங்க ஊட்டுக்காரு என் கையப் புடிச்சினு நடந்தாரு” என்கிறாள், வெட்கத்தோடு. அது உண்மைதான், நான் ஒரு நாளும் பிடித்ததில்லை.

போன மாதம் நகரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பஸ் ஸ்டாண்டு எதிரே ரோட்டைக் கடக்க வேண்டும், லாரி மேல் லாரி. நான் துணிந்து அவள் கையைப் பிடித்தேன். அவள் சட்டென்று நின்றாள். என் கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள், விரல்களைத் தடவிப் பார்த்தாள்.

“அன்னிக்கி இன்னா பதமா புடிச்சினு வந்தீங்க. இது அந்த மாதிரி இல்லீங்களே” என்றாள். கையை உருவிக்கொண்டு தனியாகவே ரோட்டைக் கடந்தாள்.