மாமா இரவல் வாங்கிய ரிஃப்ளெக்டர்

இப்போது கையை நீட்டினால் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, முன்னால் போய் நின்றால் கதவு திறக்கிறது. எல்லாவற்றுக்கும் சென்சார். ஒவ்வொரு முறையும் மாமாவின் வலது கை எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. எனக்கே அலுத்துப்போய்விட்டது, ஆனாலும் அது விடுவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் எங்கள் தாசரஹள்ளி வீட்டில் தங்கி, அம்மாவின் தம்பி பீன்யா தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் பிரித்துக் காட்டித்தான் விளக்குவார். இஸ்திரிப் பெட்டி சூடானதும் உள்ளே ஒரு தகடு வளைந்து கரண்டைத் துண்டிக்கிறது என்று காட்டப்போய், பெட்டியை மறுபடி சேர்க்க முடியாமல் அம்மாவிடம் ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒருநாள் கரண்ட் போனபோது, என் சைக்கிளின் பின்னாலிருந்த சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். டார்ச்சைக் கண்ணருகே பிடித்து அடிக்கச் சொன்னார். சிவப்பாக ஜொலித்தது. நடுவில் கையை நீட்டினார், அணைந்துவிட்டது.

"எங்க பிரஸ்லயும் இதே கதைதான் பாப்பா. வெளிச்சம் திரும்பி வந்தா மெஷின் ஓடும். கை குறுக்க போச்சுன்னா வராது, மெஷின் நின்னுடும்."

ஆனால் அந்த மெஷின் கை போகாதபோதும் நின்றது. சென்சாரில் கொஞ்சம் எண்ணெய் படிந்தாலே போதும். துடைத்துத் துடைத்து ஓட்டி, டார்கெட் முடியாமல் அடுத்த ஷிஃப்டிலும் நிற்பார். சூப்பர்வைசரிடம் சொன்னால், எப்படியாவது முடி என்பாராம். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் தரையில் சாய்வார்.

அப்படிச் சாய்ந்திருந்த ஒரு மாலையில்தான் ரிஃப்ளெக்டரை இரவல் கேட்டார். சென்சாரின் மூக்குக்கு முன்னாலேயே இதை ஒட்டிவிட்டால் வெளிச்சம் எப்போதும் திரும்பி வந்துவிடும், மெஷின் நிற்கவே நிற்காது என்றார். என்ன கெட்டிக்கார மாமா என்று பூரித்துப்போய், நானே பாவாடையில் துடைத்துக் கொடுத்தேன்.

பத்துப் பதினைந்து நாள் மாமா நேரத்தோடு வீடு வந்தார். என்னோடு கேரம் ஆடினார். பிறகு ஒருநாள் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன.

அவர் கட்டோடு வீடு திரும்பியதும், சூப்பர்வைசர் ஆப்பிள் பையோடு பார்க்க வந்தார். அம்மா காபி போட உள்ளே போன பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நோடப்பா, இங்க பாரு, ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா இந்த விஷயம் மட்டும் வேணாம். உனக்கும் தொந்தரவு, எனக்கும் தொந்தரவு."

பாக்கெட்டிலிருந்து ரிஃப்ளெக்டரை எடுத்து என்னிடம் நீட்டினார். அது என்னுடையது என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தேங்க்ஸ் அங்கிள் என்றேன். இவ்வளவு பெரிய மனிதர் ஒரு சின்னப் பொருளைத் திருப்பித் தர வீடு தேடி வந்தாரே என்று தெருப் பிள்ளைகளிடமெல்லாம் பெருமை அடித்தேன். அன்று இருட்டியதும் சைக்கிளில் அதை மாட்டி, பழையபடி ஜொலிக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜொலித்தது. நடுவில் கையை நீட்டச் சொல்லி மாமாவைக் கூப்பிட்டேன்.

அவர் மெல்ல எழுந்து வந்து இடது கையை நீட்டினார்.