செங்கோடண்ணன் வாங்காத டிப்ஸ்

செய்தி ஓட்டல் கல்லாவில் இருக்கும் பழைய தொலைபேசிக்குத்தான் வந்தது. காலை பதினோரு மணி. டிபன் முடிந்து, சாப்பாடு தொடங்காமல், கூடம் முழுக்கக் காலியாகக் கிடக்கும் நேரம். "பில் போடற அக்காங்களா? நான் செங்கோடன் மக பேசறனுங்க. குமாரபாளையத்துல இருந்து வந்துட்டேன். அப்பா போயிட்டாருங்க" என்றாள். முந்தின நாள் மத்தியானம் சோறு தின்று, கை கழுவ எழுந்தவர், திரும்ப நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள எடுக்கறமுங்க, வந்துருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றேன். எதிரே இருபது மேசைகளிலும் டம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தலைக்கு மேலே மின்விசிறிகள் யாருக்காகவோ சுற்றிக்கொண்டிருந்தன.

நம் சங்ககிரி ஓட்டலில் ஒரு காலத்தில் வேலை பார்த்த நீங்கள் இப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸ், கோவை, பெங்களூர் என்று சிதறி இருக்கிறீர்கள். துக்கத்துக்கு வர முடியாதவர்கள் என்னைப் போனில் கூப்பிட்டு அழுதீர்கள். அழுது முடித்ததும் ஏறக்குறைய எல்லோரும் குரலைத் தாழ்த்தி ஒன்றையே கேட்டீர்கள். அவர் சிலரிடம் டிப்ஸ் வேண்டாம் என்பாரே, அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மைதானா என்று. பதினான்கு வருடம் அவருக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பில் போட்டவள் நான். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். இதில் என் பங்கும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்கப்போவதில்லை.

காடு தோட்டம் உள்ள குடும்பத்தில் பிறந்து சப்ளையர் வேலைக்கு வந்தவர் செங்கோடண்ணன். சொந்தக்காரர்களுக்கு அது பெரிய குறை. அவர் மகளுடைய கல்யாணத்திலேயே ஒரு பெரியவர், நான் பக்கத்தில் இருக்கும்போது, "எச்சித் தட்டுல காசு பொறுக்கிப் புள்ளையக் கட்டிக் குடுக்கறான்" என்றார். அண்ணன் அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பொறுக்கறதில்லீங்க மாமா. அவங்க மனசு வந்து குடுக்கறாங்க, நான் மனசு வந்து வாங்கறேன். ரெண்டு பேருக்கும் மனசு வரோணும்." அன்று அதை நல்ல பேச்சு என்று மட்டும் நினைத்தேன். வாங்குகிறவருக்கும் மனம் வர வேண்டும் என்றதை நான் கவனிக்கவே இல்லை.

முதலில் நான் பார்த்தது, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்த ஒரு முதலாளியின் விஷயம். திருச்செங்கோட்டுக்காரர், வாரம் தவறாமல் வருவார், சிரித்தால் கூடம் முழுக்கக் கேட்கும். ஒரு சித்திரை மத்தியானம் சோம்புத் தட்டில் நூறு ரூபாய் வைத்தார். அண்ணன் நோட்டைத் தொட்டவர், சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். பிறகு அதை மடித்து அவருடைய சட்டைப் பையிலேயே வைத்து, "இன்னைக்கு வேண்டாமுங்க சாமி. அடுத்த வாட்டி வரப்பச் சேத்திக் குடுங்க" என்றார். ரிக் முதலாளி சிரித்துக்கொண்டே போனார். எட்டாம் நாள் காலையில் நான் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, ஓட்டலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கக் கயிறு இன்னும் கட்டப்படாததால் அந்த முகம் காற்றில் மடங்கி மடங்கி விரிந்தது. அதே சிரிப்பு.

தற்செயல் என்றுதான் எண்ணினேன். நான் சேலத்தில் மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். குறி, சகுனம் பார்ப்பது எங்களுக்குப் பாவம். ஆனால் அடுத்த மழைக்காலத்தில் ஒரு லாரி ஓட்டுநர். அதற்கடுத்த வருடம் நூல் வியாபாரி ஒருவர். மறுக்கப்பட்ட எல்லோரும் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் திரும்பி வந்து, "போன வாட்டி பாக்கியும் சேத்துத் தரேன்" என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்போது அண்ணனுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் தேறின பிள்ளையைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்ப்பார். ஆனாலும் மற்ற சப்ளையர்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. அவர் யார் மேசைக்குப் போனாலும் வேலையை நிறுத்திவிட்டு அவர் கையையே பார்ப்பார்கள். அவர் காசை எடுத்து மடியில் போட்டதும்தான் தட்டுச் சத்தம் மறுபடி எழும்.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "அப்படி என்னதாண்ணா தெரியுது உங்களுக்கு?"

"ஒண்ணும் தெரியறதில்லீங்க அம்மிணி. காசு சில்லுனு இருக்கும். பிரிட்ஜ் தண்ணியாட்ட இல்லீங்க. வெயிலே படாத கெணத்துல, அடியில கெடக்குற தண்ணியாட்ட." கொஞ்ச நேரம் துண்டால் மேசையைத் துடைத்தார். "மொத மொத என்ற ஊட்டுக்காரி பஸ்ஸுக்குக் குடுத்த காசுலதான் அப்படி இருந்துச்சுங்க. என்னடா இதுன்னு நெனச்சேன். ஆனா வாங்கிட்டு வந்துட்டேன். மத்தியானம் தோட்டத்துல மோட்டார் போடப் போனவ, கரண்ட் அடிச்சு..." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அன்னைக்கு வாங்காம இருந்திருந்தா, 'காசு வாங்காமப் போயிட்டியே'ன்னு திட்டறதுக்காச்சும் பொழுது சாயற வரைக்கும் இருந்திருப்பா. ஒரு பாக்கி இருந்தா மனுசன் திரும்பி வருவானுங்க."

அதனால்தான் அந்த "அடுத்த வாட்டி". சாவைச் சொல்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. போகிறவரை ஒரு நூலால் கட்டிவைக்கப் பார்த்தார்.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளியின் மகன், நம் சின்ன முதலாளி, ஓட்டல் பொறுப்புக்கு வந்தார். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி சேர்த்து, டிப்ஸை எல்லோருக்கும் கட்டாயமாக்கினார். தட்டில் காசு வைக்கக் கூடாது, வாங்கவும் கூடாது, வருவதை எல்லா வேலைக்காரர்களும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றார். நான் அதற்கு முழு மனதாக ஆதரவு. பாத்திரம் கழுவும் மாராயி அக்காவின் விரல் இடுக்கெல்லாம் சோப்புத் தண்ணீரில் வெந்து கிடக்கும். அவளுக்கு ஒருநாளும் யாரும் டிப்ஸ் வைத்ததில்லை. முகம் தெரிகிற சப்ளையருக்கு மட்டும் கிடைப்பது என்ன நியாயம் என்று கூட்டத்தில் நானே பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். செங்கோடண்ணன் மட்டும் எழுந்தார்.

"மாராயிக்குக் கூலிய ஒசத்திக் குடுங்க முதலாளி. நான் வேண்டாங்கல. ஆனா குடுக்கறவரு வேண்டாம்னு சொல்லவும் வழி இருக்கோணும், வாங்கறவன் வேண்டாம்னு சொல்லவும் வழி இருக்கோணும். பில்லுலயே அடிச்சுட்டா நான் எப்படீங்க வேண்டாங்கறது?"

சின்ன முதலாளி சிரித்தார். "டிப்ஸ் வேண்டாம்னு சொல்ற சப்ளையர இப்பத்தான் பாக்கறேன்" என்றார். விஷயம் தெரிந்த மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்கச் செங்கோடண்ணனுக்கும் எனக்கும் இதே வாக்குவாதம். மாராயி அக்காவின் பங்குக்கு அவர் குறுக்கே நிற்கிறார் என்று எனக்குக் கோபம்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கடினமானது. ஒரு வைகாசி மத்தியானம், நாமக்கல் பக்கத்து விவசாயி ஒருவரும் அவருடைய மகளும் சாப்பிட வந்தார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். பில் தட்டில் அவர் பணத்தை வைத்தார். அண்ணன் அதை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தபோது நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. தட்டை என் முன்னால் தள்ளிவிட்டு, கையைத் துண்டில் துடைத்தார்.

"அம்மிணி, இந்தப் பில்லுல அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க. அந்தக் காச மட்டும் திருப்பிக் குடுத்தர்றேன்."

"அதுக்குச் சின்ன முதலாளி பாஸ்வேர்டு வேணும்ணா. எனக்குத் தெரியாது" என்றேன்.

எனக்குத் தெரியும். ஆறு எழுத்து. தட்டினால் ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு தடவை எடுத்தால் தினம் கேட்பார் என்ற எண்ணம். அதோடு, இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு நானும் துணை போவதா என்ற வீம்பு. அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. தன் பையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால் எல்லாம் எனக்குத் தெரிந்தது. உச்சி வெயிலில், நிழலே விழாத அந்த வாகன நிறுத்தத்தில், அறுபது வயது மனிதர் ஒரு காருக்குப் பின்னால் ஓடினார். கார் நின்றது. ஜன்னல் வழியாகப் பணத்தை நீட்டி ஏதோ சொன்னார். காருக்குள் இருந்த விவசாயிக்குக் கோபம் வந்ததும் தெரிந்தது. கையைத் தட்டிவிட்டார். நோட்டு கீழே விழுந்தது. கார் சேலம் ரோட்டில் ஏறிப் போய்விட்டது. அண்ணன் நோட்டை எடுக்கக் குனியாமல் அங்கேயே நின்றார். நாங்கள் கூப்பிட்டும் நெடுநேரம் உள்ளே வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்த மகள் தனியாக வந்தாள். சாப்பாட்டு நேரம், கூடம் நிறைந்திருந்தது. நேராகச் செங்கோடண்ணன் முன்னால் போய் நின்றாள். "இங்க வந்துட்டுப் போன மூணாம் நாள் காலைல, பால் கறக்கப் போன எடத்துலயே அப்பா விழுந்துட்டாருங்க. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது. நீங்க எதுக்குக் காசத் திருப்பிக் குடுக்க வந்தீங்க?"

"அவரு மறுபடி வரோணும்னுதான் கண்ணு."

அவளுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. யாராவது சொல்லியும் இருக்கலாம். பர்ஸிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். "எனக்கு மூணு வயசுல ஒரு பையன் இருக்கானுங்க. இத வாங்கிக்குவீங்களா?" என்றாள்.

நம் ஆட்கள் எல்லோரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். ஒன்றும் தெரியாத வாடிக்கையாளர்களும் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய கூடத்தில் சமையலறைக் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. நோட்டு அவளுடைய விரல்களில் படபடத்தது.

அண்ணன் உடனே வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்லா இரு சாமி. போயிப் பையனப் பாரு" என்றார். அவள் மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

அவள் போனதும் நான் அவரிடம் ஓடினேன். "காசு எப்படிண்ணா இருந்துச்சு, சில்லுனா?" என்றேன்.

அவர் நோட்டைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்து மூடிக்கொண்டார். "வாங்காட்டி அந்தப் புள்ள எப்படீங்க ஊடு போயிச் சேரும்?" என்றார். அதன் பிறகு அவர் யாரிடமும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. எல்லோருடையதையும் வாங்கினார். வாங்கிய கையைச் சில நாள் வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருப்பார்.

சர்வீஸ் சார்ஜும் நிலைக்கவில்லை. தினம் யாராவது சண்டை போட்டார்கள். கடைசியில் சின்ன முதலாளி அந்த வரியை எடுத்துவிட்டு, மாராயி அக்காவின் கூலியை உயர்த்தினார். டிப்ஸ் மறுபடி தட்டுக்குத் திரும்பியது. ஆனால் இந்தத் தடவை சப்ளையர்கள் தாங்களாகவே அதில் ஒரு பங்கைச் சமையலறைக்குக் கொடுத்தார்கள். முதலில் கொடுத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முட்டிவலி முற்றி அவர் வேலையைவிட்டு நின்றபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து அவரைப் பார்க்கப் போனேன். மனதில் இருந்ததை அன்றுதான் சொன்னேன். "அண்ணா, அன்னைக்கு எனக்குப் பாஸ்வேர்டு தெரியும்."

"தெரியுமுங்க அம்மிணி" என்றார். "அதுக்கு முந்தின நாளு வக்கீலு ஒருத்தரு சத்தம் போட்டப்ப நீங்களே தட்டி எடுத்துக் குடுத்தீங்களே. நான் பக்கத்துலதான நின்னேன்."

"அப்பறம் ஏண்ணா கட்டாயப்படுத்திக் கேக்கல?"

"கட்டாயப்படுத்தி வாங்குனா அது உங்க மனசு ஆகுமுங்களா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எடுத்திருந்தாலும் அவரு போயிருப்பாருங்க. அத மனசுல வெச்சுக்காதீங்க" என்று சேர்த்துக்கொண்டார். அது உண்மையா, அந்தப் பத்து ரூபாயை வாங்கியதுபோல எனக்காகச் சொன்னதா, இன்றுவரை தெரியாது.

அடக்கத்தன்று பந்தலில் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ என் கையைத் தொட்டார்கள். அந்த நாமக்கல் பெண். பக்கத்தில் அவளுடைய பையன், நன்றாக வளர்ந்திருந்தான். மெலிந்து, தலையில் துணி கட்டியிருந்தாள். மூன்று மாதமாகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொள்கிறாளாம். துக்கம் விசாரித்துவிட்டு, பையனைச் சற்றுத் தள்ளி அனுப்பிவிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு நான் குடுத்தத அவரு மனசார வாங்குனாருங்களா? உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"மனசாரத்தான் வாங்கினார். எங்கிட்டயும் அதத்தான் சொன்னார்" என்றேன். அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

ஒருவர் தயங்கி ஒருமுறை கேட்கும்போதே கொடுத்துவிடுவது. செங்கோடண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். அவள் என் கையை விடவில்லை. எடுக்கிற நேரம் வரும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.