போட்டவர்தான் எடுக்கணும்

அப்பா லிப்ட் மெக்கானிக். இந்த ஊரின் உயரமான கட்டடங்கள் எல்லாவற்றையும் அவர் உள்ளே இருந்துதான் பார்த்திருக்கிறார். உச்சியில் மெஷின் ரூம், அடியில் எண்ணெய் கசியும் குழி, இரண்டுக்கும் நடுவே ஜன்னல் இல்லாத நான்கு சுவர்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவர் காதில் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. படுத்தால் தூக்கம் வராது. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது.

நான் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்ப்பவள். அப்பா என்னை "மெஷின் டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். நிஜ டாக்டரிடம் அவரை நான்தான் அழைத்துப் போனேன். மாத்திரை கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். கடைசியாக, தினமும் கொஞ்ச நேரம் மரங்களுக்கு நடுவில் போய் உட்காரச் சொன்னார். அப்படிச் செய்பவர்களுக்கு மனதிலும் உடம்பிலும் இறுக்கம் தளர்கிறது, தூக்கம் வருகிறது, அழுத்தம் இறங்கவும் வாய்ப்புண்டு என்றார்.

"மாத்திரைன்னா கடை இருக்கு. மரத்துக்கு எங்க போறது?" என்றார் அப்பா, படி இறங்கும்போது.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி பார்க் இருக்குல்லப்பா."

"அது வேலை இல்லாதவன் போற இடம்."

"இப்ப நீங்க வேலை இல்லாதவர்தான்," என்றாள் கூட வந்திருந்த அம்மா. வீட்டில் அவரைக் கிண்டல் செய்யும் உரிமை முழுக்க அவளுடையது.

பார்க்கில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் ஒரு பெஞ்சு. முதல் நாள் போய்வந்த அப்பா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"எப்படி இருந்துச்சு?"

"மேல பார்த்தேன். கயிறு இல்ல." செருப்பைக் கழற்றினார். "தலைக்கு மேல எதுவுமே தொங்கலம்மா. தலைல விழறதுக்கு ஒண்ணுமில்ல."

"காய் விழும்," என்றாள் அம்மா.

"விழட்டுமே. ரெண்டு டன் எடையா இருக்கப்போகுது?"

ஆனால் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. சுற்றியுள்ள கட்டடங்களில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. "அண்ணே, எங்க லிப்ட் நாலாவது மாடியில நின்னுபோச்சு" என்று பெஞ்சுக்கே வந்துவிட்டார்கள். எழுந்து போவார். திரும்பி வரும்போது நகத்தில் கறுப்பு எண்ணெய் இருக்கும். அழுத்தம் இறங்கவில்லை.

அதனால் ஒரு காலை அவர் பழைய கருவிப்பெட்டியிலிருந்து தகரப் பலகையை எடுத்தார். சிவப்பு எழுத்து: வேலை நடக்கிறது, இயக்காதீர். ஆள் உள்ளே இருக்கும்போது லிப்டின் சுவிட்சில் மாட்டுவது. கொக்கியைப் பெஞ்சின் முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

பார்க் வாட்ச்மேன் வந்து பார்த்தார். "என்ன வேலைண்ணே நடக்குது?"

"உள்ளுக்கு சர்வீஸ். கிட்ட வராத."

பார்க் முழுக்கச் சிரித்தது. ஆனால் வேலை செய்தது. யாரும் தொந்தரவு செய்யவில்லை. ஒருமுறை யாரோ விளையாட்டாகப் பலகையைக் கழற்றியபோது அப்பா கத்திய கத்தலில் காக்கைகள் பறந்தன. "போட்டவன்தான் எடுக்கணும்! வேற எவனும் கை வைக்கக் கூடாது!" அவருடன் வேலை பார்த்த ஒருவர் இரண்டு விரல்களை இழந்தது, இன்னொருவன் பலகையைக் கழற்றிச் சுவிட்சைப் போட்டதால்தான். அந்தக் கதையைப் பார்க்கில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். பலருக்கு மனப்பாடம்.

சில மாதங்களில் காதில் மோட்டார் சத்தம் அடங்கியது என்றார். தூங்கினார். குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. டாக்டர் ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார். எந்தக் கிளையில் எந்தப் பறவை என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். பெயர் தெரியாது. "அந்த வால் ஆட்டுறவன்," "அந்தக் கத்துறவ" என்பார்.

அந்த மரத்தடியிலேயே இறந்தார்.

காலையில் போனவர். மதியம் வரை யாரும் கிட்டப் போகவில்லை. பலகை தொங்கியது. "தூங்குறார்னு நெனச்சேம்மா," என்றார் வாட்ச்மேன். "ரெண்டு தடவை தாண்டிப் போனேன். போர்டு இருந்துச்சு. அதான் எழுப்பல." மூன்றாம் முறை போனபோது எறும்பு கையில் ஏறியும் அவர் தட்டிவிடாததைப் பார்த்திருக்கிறார்.

இதயம் நின்ற கணத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும், யார் பார்த்திருந்தாலும் பயனில்லை என்றார் டாக்டர். இருக்கலாம். எல்லாக் குடும்பத்துக்கும் அதைத்தான் சொல்கிறார்கள் என்பது ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எனக்குத் தெரியும். மேலே கேட்கவில்லை.

நான் அழவில்லை. ஆக வேண்டிய வேலைகள் இருந்தன, செய்தேன்.

அம்மா வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்தினாள். மரம் தெரியும் ஜன்னலைச் சாத்தினாள். "நீயும் அந்த டாக்டரும் மரம் மரம்னு அனுப்பினீங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு அதையும் சொல்லவில்லை. சாப்பாடு பாதி அப்படியே இருக்கும். இரவில் அவள் அறையில் விளக்கு எரியும். அப்பாவுக்கு வாங்கிய ரத்த அழுத்தக் கருவியில் அவளுக்கு அளந்தேன். அப்பாவின் மோசமான நாட்களில் பார்த்த எண்கள். கருவியில் கோளாறோ என்று வேறொன்றைக் கொண்டுவந்து அளந்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது. அதே டாக்டர், அதே மாத்திரை, அதே பேச்சு. அம்மா மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டாள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று நினைத்தேன். நினைத்தபோது பயம்கூட வரவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு நாள் வாட்ச்மேன் வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றே அம்மாவைக் கூப்பிட்டார்.

"அக்கா, பெஞ்சுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வருது. போர்டு அங்கயே தொங்குது. யாரும் கழட்ட மாட்டேங்குறாங்க. அந்தப் பெஞ்சுல ஒருத்தரும் உக்காரவும் இல்ல."

"நீங்க எடுங்களேன்," என்றேன்.

"எனக்குக் கை வரல பாப்பா."

"எடுக்கக் கூடாது," என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "போட்டவர்தான் எடுக்கணும்."

எங்கள் தொழிலிலும் இந்த விதி உண்டு. அதற்கு அடுத்த விதியும் உண்டு.

"போட்டவர் வர முடியாம போனா?" என்று கேட்டேன்.

அம்மா வாசலுக்கு வந்தாள்.

"ரெண்டு பேர் போகணும்," என்றாள். "உள்ள ஆள் இருக்கான்னு மூணு தடவை கூப்பிடணும். பதில் இல்லன்னா எடுக்கலாம். எத்தனை தடவை சொல்லியிருக்கார்."

"நான் ஒருத்தி."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைத் தேடினாள்.

சாயங்காலம். நடந்துகொண்டிருந்தவர்கள் எங்களைக் கண்டு நின்றார்கள். அம்மா பெஞ்சுக்கு எதிரே நின்று தொண்டையைச் செருமினாள்.

"உள்ள ஆள் இருக்கா?"

பறவைகள் கத்திக்கொண்டிருந்தன.

"உள்ள ஆள் இருக்கா?"

வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மூன்றாம் முறையும் கேட்டாள். நின்றாள். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பிறகு கொக்கியைக் கழற்றினாள்.

வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். பலகையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். காற்றில் ஈர மண் வாசனை. வாலை ஆட்டும் ஒரு பறவை வந்து போனது. வெளிச்சம் குறையக் குறைய மரத்தின் இலைகள் ஒன்றோடொன்று மடிந்தன.

"பாரு, தூங்கப் போகுது," என்றாள் அம்மா. "உங்கப்பா மாதிரியே. இருட்டினதும் கவுந்துடும்."

இரவு அளந்தேன். கொஞ்சம் குறைந்திருந்தது. ஒரு தடவை அளந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சாப்பாட்டுத் தட்டு காலியாக இருந்தது. அதை வைத்தும் சொல்ல முடியாது.

மறுநாள் சாயங்காலம் அம்மா தானாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். பலகை கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. அதை எடுத்து நீட்டினேன்.

"வேணாம்," என்றாள். "நான் தூங்கிட்டா யாராவது எழுப்பட்டும்."