பொன்னுத்தாய் பலகை தூக்கினாள்

“அணை ஒழுகுதுங்குறேன், நீங்க கேசுக் கட்டைக் காட்டுறீங்க. தண்ணிக்குப் படிக்கத் தெரியுமாய்யா?”

பண்ணையின் காரியக்காரர் துரைராசு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தவில்லை. “வக்கீல் சொல்லியிருக்காரு. குத்தகைக்காரங்க அணையில ஒரு கூடை மண்ணு போட்டாலும், நாளைக்குக் கோர்ட்டுல அனுபவ பாத்தியம்னு நிப்பீங்களாம். கேசு முடியட்டும்.”

“அப்ப நீங்க போடுங்க.”

“ஆளு வந்தாத்தானே? உங்க ஆளுங்கதான் சங்கம் வச்சுக்கிட்டு மம்முட்டியத் தொட மாட்டேங்குறாங்க.”

சென்னையில் ஆட்சி மாறி மூன்று வருஷம். குத்தகைக்காரர் பெயரை நிலத்துக்குப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. பண்ணை கோர்ட்டுக்குப் போனது. வழக்கு நிலத்தைப் பற்றியதுதான். நடுவில் மாட்டிக்கொண்டது அணை. பெரிய அணை ஒன்றுமில்லை. வாய்க்காலின் குறுக்கே செங்கல் தூண்கள், தூண்களுக்கு நடுவே இரண்டு கண், கண்ணுக்கு நான்கு பலகை. பலகையைச் செருகினால் தண்ணீர் ஏறி மேட்டு வயலுக்குப் பாயும். அணைக்குக் கீழே, கரையின் சரிவில், பன்னிரண்டு குடிசைகள். பக்கச் சுவருக்குப் பின்னால் நண்டு வளை போட்டு, அதன் வழியே தண்ணீர் கசிந்து கொண்டிருந்தது.

அங்கிருந்து பொன்னுத்தாய் சங்கத்துத் தலைவன் ஐயாவுவிடம் போனாள்.

“கூலி இல்லாம பண்ணை சொத்துக்கு ஒரு தட்டு மண்ணு எடுக்குறதில்லன்னு கைநாட்டு வச்சிருக்கோம் அக்கா. நீயும்தான் வச்ச.”

“வச்சேன். தண்ணி வைக்கலியே.”

வெட்டி வேலையை விட்டொழித்த ஊர் அது. அந்தக் கைநாட்டுக்காக அடிபட்டவர்கள் இருந்தார்கள். ஐயாவு சொன்னதில் தப்பு இல்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் மறுநாள் கூடையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். கார்த்திகை முழுக்க, களிமண்ணும் வைக்கோலும் மிதித்து, சுவருக்குத் தண்ணீர்ப் பக்கமாக அடைத்தாள். அவள் புருஷன் மருதையன் இந்த அணையில் பலகை போட்டு வயல்களுக்குத் தண்ணீர் கட்டியவன். செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒழுகும் பக்கம் அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும் என்று அவன் சொல்லக் கேட்டிருக்கிறாள். அவன் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பாள்.

துரைராசு கேசுக்காக அவள் பெயரை எழுதிக்கொண்டு போனார். சங்கத்துக்காரர்கள் எழுதவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். களையெடுக்கக் கூப்பிடவில்லை. துறையில் அவள் இறங்கினால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அடுப்புக்கு நெருப்பு கேட்டுப் போன வீட்டில் கதவு சாத்தினார்கள். பட்டுக்கோட்டையில் கட்டிக்கொடுத்த மகள் எப்போதும் வருவதில்லை. அதனால் அதில் புதிதாக ஒன்றும் குறையவில்லை. பேச ஆளில்லாமல் ஆட்டைத் திட்டினாள். ஆடும் ஒருநாள் அறுத்துக்கொண்டு போனது.

மார்கழிக் கடைசியில், சுவரடியில் கசிந்த ஊற்று நிறம் மாறியது.

தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கலங்கினால் தண்ணீர் உள்ளேயிருந்து மண்ணைத் தூக்கி வருகிறது என்று அர்த்தம். பொன்னுத்தாய் லோட்டாவில் பிடித்து வைத்தாள். வெயில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அடியில் ஒரு விரற்கடை மண் நின்றது.

பலகையைத் தூக்கித் தண்ணீரை இறக்கினால் அணை பிழைக்கும். ஆனால் முறை வைத்து விடும் தண்ணீர் அதோடு சரி, மறுபடி தேக்க முடியாது. மேட்டூர் அணையை மூடும் நாள் நெருங்கிவிட்டது. பள்ளத்து வயல்களில் ஈரம் நின்றது. மேட்டில் இருந்தது அவளுடைய மூன்று மா குத்தகை நிலம் மட்டும்தான். அதில் சம்பா அப்போதுதான் பால் பிடித்திருந்தது. இன்னும் நான்கு நாள் தண்ணீர் நின்றால் நெல். இல்லாவிட்டால் பதர்.

குடிசைகளுக்குப் போய்ச் சொன்னாள். ஐயாவு பெண்டாட்டி ராசம்மாள் முறத்திலிருந்து தலை நிமிராமல் கேட்டாள்: “பண்ணை சொல்லி அனுப்புச்சா? பயந்துபோய் மண்ணு சுமக்க வருவோம்னு?”

“நீ சுமக்க வேணாம். புள்ளைகளத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போ.”

“மேட்டுல உன் வீட்டுப் பக்கத்துலயா?” என்றாள் ராசம்மாள். இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

பொன்னுத்தாய் திரும்பி நடந்தாள். வாயில் வந்த வசவையெல்லாம் வழியிலேயே திட்டித் தீர்த்தாள். வயல் வரப்பில் சற்று நின்றாள். ஒரு கதிரை நசுக்கினாள். விரலில் பால் ஒட்டியது. அப்புறம் அணைமேல் ஏறி, இரும்புக் கொக்கியைப் போட்டு, மேல் பலகையை இழுத்தாள். எட்டுப் பலகை. இரண்டு பேர் இழுப்பது வழக்கம். கடைசிப் பலகை வரும்போது உள்ளங்கையில் தோல் இல்லை.

பொழுது சாயத் தண்ணீர் இறங்கியது. சுவர் தெரிந்தது. அவள் அடைத்த இடம் அப்படியே இருந்தது. அதற்கு இரண்டு முழம் கீழே மண் போய் ஒரு பொந்து. சத்தம் கேட்டுக் குடிசைக்காரர்கள் கரையில் வந்து நின்றார்கள். ஐயாவு இறங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தான். தோள்வரை போனது.

“கன்னுக்குட்டி படுக்கலாம்” என்றான், யாரையும் பார்க்காமல்.

“உன்னையும் படுக்க வச்சிருக்கும்” என்றாள் அவள்.

அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மேலே ஏறினான். கைநாட்டு இன்னும் இருந்தது. ஒவ்வொருவராகப் போனார்கள். ராசம்மாள் மட்டும் சற்று நின்று, பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு, அவளும் போனாள்.

தையில் ஊரெல்லாம் அறுத்தார்கள். பொன்னுத்தாய் தன் மூன்று மாவையும் தானே அறுத்துத் தானே அடித்தாள். தூற்றும்போது முக்கால்வாசி காற்றோடு போனது. நின்றது விதைக்குக்கூடக் காணாது. அறுபது வயதுவரை அவள் கடையில் அரிசி வாங்கியதில்லை. பங்குனியில் முதல் தடவையாகப் பையை எடுத்துக்கொண்டு திருத்துறைப்பூண்டிக்கு நடந்தாள். கடைக்காரன் எத்தனை படி என்று கேட்டான். ஒரு ஆளுக்கு எத்தனை வாங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான்கு படி புழுங்கலரிசி வாங்கினாள். படி ஒன்றேமுக்கால், ஏழு ரூபாய்.