கவாத்துக்கு அனுமதி

நெருக்கடி நிலை நாட்களில் குன்னூரில் நான்கு பக்க வாரப் பத்திரிகை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர் மூவரும் நானே. அச்சேறும் முன் ஒவ்வொரு பக்கத்தின் புரூஃபையும் தணிக்கை அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். அவர் அந்த வேலைக்கென்றே கீழே சமவெளியிலிருந்து அனுப்பப்பட்டவர். மரியாதையான மனிதர். உருளைக்கிழங்கு விலை இறங்கியது என்று ஒருமுறை எழுதியிருந்தேன். 'இறங்கியது' என்றால் விவசாயிகள் வருந்துவார்கள், 'ஏறியது' என்றால் மற்றவர்கள் வருந்துவார்கள் என்று யோசித்து, 'உருளைக்கிழங்குக்கு விலை இருக்கிறது' என்று திருத்திக் கொடுத்தார். அப்படியே போட்டேன். யாரும் மறுத்து எழுதவில்லை.

ஒரு நாள் காலையில், அரவேணு பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தார். அவர் கணவர் அங்கே தொழிலாளி. கவாத்து வெட்டும்போது கத்தி முழங்காலுக்குக் கீழே பாய்ந்து, ஆஸ்பத்திரியில் காலையே எடுத்துவிட்டார்கள். தேயிலைச் செடி மரமாக வளர்ந்துவிடாமல் சில வருடங்களுக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவதை இங்கே கவாத்து என்பார்கள். எஸ்டேட் பதிவேட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தது.

"லீவு நாள்ல ஊட்டுல வெறகு வெட்டயில வெட்டிக்கிட்டாருன்னு எழுதிப்புட்டாங்க சார். எங்க ஊட்டுல வெறகே இல்ல. செத்தையப் போட்டுத்தான் எரிக்கறோம்" என்றார்.

வேலையில் பட்ட காயம் என்று ஆனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். திங்கட்கிழமை தொழிலாளர் அதிகாரி முன் விசாரணை.

எஸ்டேட்டுக்குப் போய் ஐந்து பேரிடம் கேட்டேன். மூன்று பேர் பார்த்ததைச் சொன்னார்கள். நான்காமவர் பேச மறுத்தார். ஐந்தாமவரான மேஸ்திரி, அன்று பனிமூட்டம், எதுவும் தெரியவில்லை என்றார். பன்னிரண்டு வரி எழுதினேன்.

தணிக்கை அதிகாரி அதில் இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு போட்டார். காயம்பட்டவரைக் கொண்டுபோக எஸ்டேட் லாரி கேட்டும் தரவில்லை என்ற வரி ஒன்று. அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். இன்னொன்று 'கவாத்து' என்ற சொல்.

"கவாத்துன்னா டிரில் சார். போலீஸ் மைதானத்துல நடக்கறது. எஸ்டேட் ஆளுங்க எதுக்குக் கத்தியோட கவாத்துப் பழகறாங்க?"

விளக்கினேன். மேஜை மேல் இருந்த சிறிய அகராதியைத் திருப்பிக் காட்டினார். அது அவர் பக்கம் இருந்தது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு 'கத்தியால் வெட்டுப்பட்டார்' என்று மட்டும் போடலாமே என்றார். கவாத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எஸ்டேட் சொன்ன கதைதான் என்றேன். சற்று யோசித்து, நேரில் பார்த்துவிடுவோம் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது அவசரப்பட்ட சந்தோஷம்.

மறுநாள் அவருடைய ஜீப்பில் போனோம். சரிவில் நாற்பது ஆண்கள், ஆளுக்கு ஒரு நிரையாக, கோடு போட்டது போல் நின்றார்கள். கையில் கத்தி. மேஸ்திரி விசில் ஊதினார். நாற்பது கத்திகளும் ஒன்றாக உயர்ந்து இறங்கின. வெட்டி முடித்ததும் எல்லோரும் ஓரடி முன்னால் வைத்தார்கள். மறுபடி விசில். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் செடியைப் பார்த்தேன்.

அவர் மேஸ்திரியைக் கூப்பிட்டு, இது என்ன என்று கேட்டார்.

"கவாத்துங்க."

"யார் உத்தரவு?"

"தொரை உத்தரவுங்க."

"எதுக்காக?"

"வெட்டாம உட்டா தலைக்கு மேல போயிருமுங்க. அப்புறம் அடக்க முடியாது."

அதிகாரி நோட்டில் குறித்துக்கொண்டார். அரசாங்கம் தினமும் ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய இதுதான் என்பதால், இதில் தவறு எங்கே என்று அவருக்குப் புலப்படவில்லை. ஆனாலும் விசில் அவரை உறுத்தியது. கால் போன ஆளும் இதையேதான் செய்தாரா, வேறு ஏதாவது பயிற்சி எடுத்தாரா என்று கேட்டார்.

மேஸ்திரி ஜீப்பைப் பார்த்தார், அதிகாரியின் நோட்டைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"பயிற்சி கியிற்சி ஒண்ணுமில்லீங்க. சத்தியமா இதேதான். அதா, அந்த மூணாவது நிரையில செடி வெட்டயிலதான் கால்ல பட்டுதுங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

என்னிடம் சொன்ன பனிமூட்டம் ஜீப்பைக் கண்டதும் விலகிவிட்டது.

திரும்பி வந்ததும் அதிகாரி புரூஃபின் ஓரத்தில் தன் கையால் எழுதினார்: 'நேரில் விசாரித்தேன். மேற்படி நபர் காயமடைந்தபோது செய்தது எஸ்டேட்டில் தேயிலைச் செடி வெட்டும் கவாத்தே. ஆயுதப் பயிற்சி அன்று. அனுமதிக்கலாம்.' கையெழுத்து, முத்திரை. லாரி வரிக்காக அரை மணி நேரம் வாதாடினேன், கிடைக்கவில்லை. செய்தியின் அடியில் ஒரு குறிப்புப் போட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தார். தேயிலையைத் தவிர வேறொன்றும் தெரியாத ஊரில், 'கவாத்து என்பது இங்கு செடி வெட்டுவதைக் குறிக்கும்' என்று கட்டம் கட்டி அச்சடித்தேன்.

பஜாரில் டீக்கடைக்காரர் விடவில்லை. "ஏனுங்க, அடுத்த வாரம் 'டீ என்பது இங்கு குடிப்பதைக் குறிக்கும்'னு வருங்களா?" என்றார். அதற்கும் அனுமதி கேட்டிருப்பதாகச் சொன்னேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அந்தப் பெண் அச்சகத்துக்கே வந்துவிட்டார். தொழிலாளர் அதிகாரி பத்திரிகையைத் தொடக்கூட இல்லையாம். பேப்பர்காரர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதுவார்கள், அரசாங்கக் காகிதம் இருந்தால் கொண்டு வா என்றாராம். அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டும்.

என்னிடம் ஒன்று இருந்தது. முத்திரை வாங்கிய புரூஃப் எங்கள் கோப்பை விட்டு வெளியே போகக்கூடாது. கேட்டால் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தணிக்கைக்குத் தப்பி அச்சடித்ததாக ஆகும், பத்திரிகையை மூடலாம். அதை எடுத்து, நான்காக மடித்து அவரிடம் கொடுத்தேன். வீடு தங்கியது. என்னுடைய பன்னிரண்டு வரிகளை நம்பாத தொழிலாளர் அதிகாரி, அவற்றைத் தடுக்க வந்தவர் ஓரத்தில் எழுதிய நான்கு வரிகளை உடனே நம்பினார்.

இரண்டு வாரம் கழித்துத் தணிக்கை அதிகாரி கோப்பைப் புரட்டி, அந்தப் பக்கம் எங்கே என்றார். விசாரணையில் சாட்சியமாக இருக்கிறது என்றேன்.

"என் கையெழுத்தா?"

"ஆமாம் சார்."

கோப்பை மூடிக் கட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தம்மா வீட்டைக் காலி பண்ணலையே?" என்றார்.

"இல்லை சார், அங்கேதான் இருக்காங்க."

தலையை ஆட்டிவிட்டு அந்த வாரத்துப் புரூஃபை இழுத்து, முதல் வரியிலேயே ஒரு சொல்லை அடித்தார்.