ஹெலிகாப்டர் என்ற பெயரும் ஜுபைல் கஃபே காக்காவும்

ஜுபைல் கஃபே காக்கா போய்விட்டார்.

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம்... ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பழைய ரூம்மேட் முருகேசன்தான் போன் செய்து சொன்னான்.

நான் இங்கே எமிரேட்ஸில், ஃபுஜைராவில் டேங்க் யார்டு டியூட்டியில் இருக்கிறேன். போனை வைத்ததிலிருந்து ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. சூப்பர்வைசர் இரண்டு தடவை "க்யா ஹுவா பாய்?" என்று கேட்டுவிட்டார்.

ஜுபைல் இருப்பது சவூதியில், விசா இல்லாமல் போக முடியாது என்று தெரியும். தெரிந்தும் டிராவல்ஸுக்குப் போன் போட்டேன். "விசா மாஃபி, கிடைக்காது" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டேன். அதே பதில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜுபைலில் எங்கள் கேம்ப் பக்கம் இன்டர்நெட் கஃபே வைத்திருந்தவர். காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். முதல் நாள் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். "சிரிடா... ஒங்க ஊர்ல காக்காக்கு நீங்க சோறு வெப்பீங்க. இங்க காக்கா ஒனக்கு நெட்டு வெக்கிறேன்" என்றார்.

வாய் சும்மா இருக்காது. சம்பளம் எவ்வளவு, பெண்டாட்டியோடு சண்டையா, ஏன் முகம் வாடியிருக்கிறது... கஃபே முழுக்கக் கேட்கிற மாதிரிதான் விசாரிப்பார்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் எங்கள் ரூமில் ஆறு பேருக்கும் ஒரே மெயில் ஐடி. முருகேசன் திறந்தது. பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும். என் மனைவி அனுப்பும் போட்டோவை என்னை விட முன்னால் அவன் பார்த்திருப்பான்.

அந்த மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டே தேடினால், அந்தப் பெரிய தேடல் சைட் நாம் தேடியதை எல்லாம் அதே ஐடி பேரில் சேர்த்து வைக்கும். எங்களுக்கு அது எங்கே தெரியும்?

ரூமில் ராஜேந்திரன் என்று ஒரு வெல்டர். விசா கொடுத்த அரபி முதலாளி, அந்தக் கபீலிடம் ரிலீஸ் வாங்கி வேறு கம்பெனி மாறுவது எப்படி என்று தேடியிருக்கிறான். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் ரூம் மொத்தமும் அதைப் படித்தது. அங்கிருந்து ஃபோர்மேன் காதுக்கு எப்படிப் போனதோ... கலாஸ், கதை முடிந்தது. எக்ஸிட் அடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

காக்காவுக்கு அது தாங்கவில்லை. எங்கெங்கோ விசாரித்து, யார் என்ன தேடினார்கள் என்று குறித்து வைக்காத ஒரு சின்னத் தேடல் பக்கத்தைக் கண்டுபிடித்து, கடையில் எல்லா மிஷினிலும் அதையே போட்டுவிட்டார்.

நாங்கள் திட்டாத திட்டு இல்லை. ஆமை மாதிரி திறக்கும். படப் பாட்டு கேட்டால் எதையோ காட்டும். "ஊரையே விசாரிக்கிற நீங்களா இதைச் சொல்றீங்க?" என்று நான் ஒரு நாள் மடக்கினேன்.

"நான் மூஞ்சிக்கு நேரா கேக்குறேன். இஷ்டம் ஈந்தா சொல்லு, இல்லன்னா பொய் சொல்லிட்டுப் போ. அது கேக்காமலே எழுதி வெச்சுக்கிடுதேடா... அதுகிட்ட எப்புடிப் பொய் சொல்லுவே?"

நான் என் மிஷினுக்குத் திரும்பி, அந்த ஆமையிலேயே தேட ஆரம்பித்தேன்.

பிறகு என் முறை வந்தது. அங்கே தங்குவதற்கான அட்டை, இக்காமா, அதைப் புதுப்பிக்க மெடிக்கல் போனேன். ரத்தத்தில் ஏதோ இருக்கிறது, திரும்ப டெஸ்ட் எடுக்கணும் என்று டாக்டர் ஏதோ ஒரு இங்கிலீஷ் நோய்ப் பெயரைச் சொன்னார். மஞ்சள் காமாலையில் ஒரு வகையாம். உறுதியானால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மனைவி அப்போது மாசமாக இருந்தாள். ரூமில் தெரிந்தால் என் தட்டைத் தனியாக வைத்துவிடுவார்கள்.

நேராகக் காக்கா கடைக்கு ஓடினேன். மெயிலை மூடினேன். அந்தச் சின்னப் பக்கத்தைத் திறந்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன்... ஆனால் அந்த வார்த்தைக்கு ஸ்பெல்லிங் வரவில்லை. எப்படி அடித்தாலும் ஒன்றும் வரவில்லை.

பதற்றத்தில் வாய் தவறிவிட்டது. "காக்கா, ஹெபடைட்டிஸுக்கு ஸ்பெல்லிங் என்ன?"

பக்கத்து மிஷினில் முருகேசன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

காக்கா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "ஹெலிகாப்டருக்கு ஸ்பெல்லிங் தெரியலையாம்டா இவனுக்கு! ஹெலிகாப்டரு வாங்கப் போறானாம் தொரை!" என்று கடையே அதிரக் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். கத்திக்கொண்டே குனிந்து, சரியான வார்த்தையை அடித்துவிட்டு, திரையைப் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டார்.

என்னை ஹெலிகாப்டர் என்று கூப்பிடுகிறவர்கள் இந்த மெயில் லிஸ்டில் நிறைய பேர் இருக்கிறீர்கள். பெயர் வந்த கதை இதுதான். இன்றுதான் சொல்கிறேன். முருகேசா, நீயும் இன்றுதான் தெரிந்துகொள்கிறாய்.

ரிப்போர்ட் வரும்வரை தினமும் போய் உட்கார்ந்தேன். ஊர்க்கதை எல்லாம் கேட்டார். அதை மட்டும் கேட்கவில்லை. ஒரு நாள் நான் பாதி குடித்து வைத்த சுலைமானி டீயை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, "என்னா சீனிடா இது" என்று திட்டினார். அதில் தொற்றாது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா... தெரியவில்லை.

ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. ஓடிப்போய், "காக்கா, ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையாம்" என்றேன்.

"என்னா ரிப்போர்ட்டு?" என்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்து வந்தவனிடம் சம்பளம் வந்ததா என்று கேட்கப் போய்விட்டார்.

இதைத் தட்டும்போதே மூன்றாவது தடவையாக டிராவல்ஸுக்குப் போன் போட்டேன். இப்போது எடுக்கவே இல்லை.

நாளை மதியத் தொழுகைக்குப் பிறகு ஜுபைலிலேயே அடக்கமாம். வீட்டு ஆட்கள் யாரும் வர முடியாது. ஜுபைலில் இருக்கும் நம் ஆட்கள்... டியூட்டியில் பர்மிஷன் கேட்டுப் போங்கள். காரணம் கேட்டால் அண்ணன் இறந்துவிட்டார் என்று சொல்லுங்கள்.

ஒரு பிடி மண் எனக்காகவும் போடுங்கள். யாருக்காக என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டாம்.

போய் வாருங்கள் காக்கா.