சுங்க வீட்டின் பெண்கள் அறை

நான் சொல்லப்போவது எனக்கு நடந்தது. கேட்டவர்கள் இருவர். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் அன்றைக்கே வேலையை விட்டு நின்றுவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. எழுந்தேன். தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். பால் ஊற்றினேன், எங்கள் பக்கத்து வழக்கப்படி உப்புப் போட்டேன். குடித்தேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். சவரம் செய்தேன். படுக்கையில் என் பாதியை மட்டும் சரிசெய்தேன். மற்றப் பாதி கலைவதில்லை. பல்ஜான் இறந்த பிறகு என் காலை இவ்வளவுதான்.

வாசலில் துணி மூட்டை ஒன்று இருந்தது. கைப்பேசி ஒலித்தது. பல்ஜானின் அம்மா.

"மாப்பிள்ளை, ரொட்டி பொரிச்சு வெச்சிட்டு வந்திருக்கேன். ஏழு. ஏழும் ஏழு கைக்குப் போகணும். ஒண்ணைக்கூட வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாராதீங்க. அப்புறம் அவளுக்குப் போய்ச் சேராது."

"எனக்கு ஏழு பேரைத் தெரியாது அத்தை."

"ஏன், துறைமுகத்துல ஆளே இல்லையா? உங்களை விட்டா கடல் காக்காய்க்குப் போட்டுட்டு வந்துடுவீங்க. மனுசக் கையில குடுங்க. பொழுது சாயறதுக்குள்ள."

எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை ரொட்டி அப்படித்தான். இறந்தவர் பெயரில் பொரிப்பது. வாங்குபவர் "போய்ச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பார். குழந்தைகூட மறக்காது.

நான் கட்டட வரைபடம் போடுகிறவன். அப்போது எங்கள் ஊர்த் துறைமுகத்துப் பழைய சுங்க வீட்டை அளந்துகொண்டிருந்தேன். ஜார் காலத்துக் கட்டடம். பாரசீகக் கப்பல்களில் வந்த அரிசி, உலர்திராட்சை, பட்டு எல்லாம் அங்கே தராசில் ஏறி, முத்திரை வாங்கித்தான் ஊருக்குள் நுழையும். ஆண் பயணிகளைக் கூடத்தில் வைத்துச் சோதிப்பார்கள். பெண்களுக்குக் கடல் பக்கம் தனி அறை. அதன் கதவில் இடுப்பு உயரத்தில், பலகை மூடி போட்ட ஒரு சிறிய திறப்பு. கொண்டுவந்த பொருளை அந்த வழியாக வெளியே நீட்ட வேண்டும். முகத்தை யாரும் பார்க்கக் கூடாது. கை மட்டும்.

காவலாளி ஒரின்பாய்க்கு முதல் ரொட்டி.

"போய்ச் சேரட்டும்," என்றார். மென்றுகொண்டே, "ஏன் தம்பி, உன் மாமியார் உப்புக்கு வரி கட்டுறாங்களா? துளிகூட இல்லையே," என்றார்.

மதியத்துக்கு மேல் காற்று மாறியது. மேட்டு நிலத்துப் புழுதி ஊர்மேல் இறங்கியது. ஒரின்பாய் ஆட்டை அவிழ்க்க வீட்டுக்கு ஓடினார். பாக்கு நகரத்திலிருந்து வரும் கப்பல் அன்று வராது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மூன்றரைக்கே கூடம் இருட்டிவிட்டது.

மூட்டையில் ஆறு ரொட்டி இருந்தது. வெளியே ஒருவரும் இல்லை. பொழுது போய்க்கொண்டிருந்தது. இதைக்கூட அவளுக்கு என்னால் செய்ய முடியாதா என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் குரல் கேட்டது.

"தம்பி... கப்பல் வந்துடுச்சா?"

பெண் குரல். பெண்கள் அறையிலிருந்து. கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் புழுதிக்கு ஒதுங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். உண்மையில் மகிழ்ந்தேன்.

"இந்தக் காத்துல வராதும்மா."

"அதையேதான் சொல்றாங்க... தினமும்."

"எத்தனை பேர் இருக்கீங்க? ரொட்டி இருக்கு."

திறப்பின் பலகை மெல்ல நகர்ந்தது. ஒரு கை வந்தது.

வைத்தேன். கை உள்ளே போனது.

இரண்டாவது கை. மணிக்கட்டில் வெள்ளி வளை. மூன்றாவது, வயதான கை. நான்காவது, ஐந்தாவது...

ஏதோ சரியில்லை. என்னவென்று புரியவில்லை.

ஆறாவது ரொட்டியை வைக்கும்போது புரிந்தது.

யாருமே "போய்ச் சேரட்டும்" என்று சொல்லவில்லை.

மெல்லும் ஓசையும் இல்லை.

வெளியே அவ்வளவு காற்று. அந்தத் திறப்பிலிருந்து... ஒரு ஓசையும் இல்லை.

மூட்டையை உதறினேன். காலி.

"தீர்ந்துபோச்சும்மா," என்றேன்.

ஏழாவது கை வந்தது.

இளம் கை. வெறும் கை. கட்டைவிரல் நகம் குறுக்கே பிளந்திருந்தது. பல்ஜானின் விரல் ஒருமுறை பேருந்துக் கதவில் நசுங்கியது. நகம் அப்படித்தான் வளர்ந்தது.

கை காத்திருந்தது.

காலி மூட்டை என் கையிலேயே இருந்தது.

விரல்கள் மெதுவாக மடங்கின...

உள்ளே போயிற்று.

பலகை மூடியது. டக்.

ஒரின்பாய் விளக்கோடு திரும்பி வந்தபோது நான் அந்தக் கதவை இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தள்ளிவிட்டுச் சாவியைப் போட்டார். அறை காலி. வேறு கதவு இல்லை. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். தரையில் ஒரு துண்டு ரொட்டி கூட இல்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "யாருக்குக் குடுத்தே?"

சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"காலரா வருசம்னு எங்க தாத்தா சொல்லுவாரு," என்றார். "பாரசீகத்துலேர்ந்து வந்த பொண்ணுங்க. ஊருக்குள்ள விடல. திரும்பக் கூட்டிட்டுப் போக அடுத்த கப்பல் வரும்னு இந்த அறையில போட்டுப் பூட்டினாங்க. இந்தத் திறப்பு வழியாத்தான் சோறு. அப்புறம் பக்கத்துல போகவே ஆளுங்க பயந்துட்டாங்க. புயல். கப்பல் வரல. பேரே தெரியாதவங்க, யாரு பேரைச் சொல்லி ரொட்டி பொரிக்கிறது?"

"எத்தனை பேர்?"

"ஆறு."

"நல்லாத் தெரியுமா?"

"பின்னால புதைச்சிருக்கு. வந்து எண்ணிக்கோ. ஆறுதான்."

ஏழாவது கையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் மறுநாள் வரவில்லை. பிறகும் வரவில்லை.

அத்தையிடம் ஏழும் கொடுத்தாயிற்று என்றேன். அது பொய் இல்லை.

பல்ஜான் கடைசியாக என்ன பேசினாள் என்று அவர் இன்னும் கேட்கிறார். அம்மாவைக் கேட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். அவள் உண்மையில் பேசியது வேறு. அறுவைச் சிகிச்சைக்கு அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார்கள். நான் வாங்கிப்போன ஆப்பிளை வார்டில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வண்டி கதவைத் தாண்டும்போது அவள் தலையைத் திருப்பினாள்.

"எல்லாத்தையும் குடுத்துடாத. எனக்கு ஒண்ணு வை."